செயற்கூறு விடையைத் திருப்பித் தருவது எப்படி: புதிதாக நிரல் எழுதுபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை கணினி வகுப்புக்கு வரும் பிள்ளைகள் மாறி, நிபந்தனை, சுழற்சி மூன்றையும் தடுமாறியாவது பிடித்துவிடுகிறார்கள். செயற்கூறு, அதாவது பெயர் வைத்து வேண்டும்போது அழைக்கும் நிரல் துண்டு, எழுதவும் பயப்படுவதில்லை. அந்தச் செயற்கூறு விடையைத் திருப்பித் தர வேண்டிய இடத்தில்தான் பாதி வகுப்பு நின்றுவிடுகிறது. திரையில் சரியான எண் தெரியும். “அதான் வந்துருச்சே, அண்ணே!” என்பார்கள். அடுத்த வரியில் அதே எண்ணை வைத்துக் கணக்குப் போடச் சொன்னால் நிரல் பிழை காட்டி நின்றுவிடும்.

அந்த ஓர் இடத்தைக் கடப்பதற்காகத்தான் இந்த வழிகாட்டி. படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். நான் பார்த்த குழப்பங்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு படியைத் தாண்டிப் போனதால் வந்தவை.

## 1. தொடங்குவதற்கு முன்

பைத்தான் 3 என்ற நிரல்மொழி ஓடும் கணினி வேண்டும். இல்லையென்றால் பைட்ராய்ட் 3 செயலி போட்ட ஆண்ட்ராய்டு கைப்பேசி போதும். அந்தச் செயலி இணையம் இல்லாமலும் ஓடும் என்பதால், லைன் சரியாகக் கிடைக்காத தோட்டத்து வீடுகளில் இருப்பவர்களுக்கும் சிரமமில்லை. கைப்பேசியில் எழுதுபவர்கள் வரியின் உள்தள்ளலைக் கவனியுங்கள். சின்னத் திரையில் மூன்று இடைவெளியா நான்கு இடைவெளியா என்று கண்ணுக்குப் பிடிபடாது.

ஒரு தாள், பென்சில், கால்குலேட்டர் மூன்றும் கட்டாயம். ஏன் என்பது அடுத்த இரண்டு படிகளில் தெரியும்.

கீழே வரும் நிரல்களை எழில் என்ற தமிழ் நிரல்மொழியின் சொற்களில் எழுதியிருக்கிறேன். பைத்தானில் எழுதுபவர்கள் ‘நிரல்பாகம்’ என்ற இடத்தில் டெஃப், ‘பின்கொடு’ என்ற இடத்தில் ரிட்டர்ன், ‘பதிப்பி’ என்ற இடத்தில் பிரிண்ட், ‘ஆனால்’ என்ற இடத்தில் இஃப், ‘வரை’ என்ற இடத்தில் வைல் என்று போட்டுக்கொள்ளுங்கள். ‘முடி’ பைத்தானில் கிடையாது. அங்கே உள்தள்ளல்தான் முடிவைக் காட்டும். எழிலில் நிபந்தனை ‘@( )’ என்பதற்குள் முதலில் வரும். பைத்தானில் ‘@’ இல்லாமல், இஃப் அல்லது வைல் என்ற சொல்லுக்குப் பின்னால் அதை எழுதுங்கள். டெஃப், இஃப், வைல் வரிகளின் கடைசியில் முக்காற்புள்ளி வேண்டும். பிரிண்ட்டுக்கு அடைப்புக்குறியும் வேண்டும்.

## 2. முதலில் தாளில்: எது உள்ளே போகிறது, எது வெளியே வருகிறது

விசைப்பலகையைத் தொடாதீர்கள். தாளில் ஒரு பெட்டி வரையுங்கள். இடப்பக்கம் உள்ளே போகும் அம்புக்குறி, வலப்பக்கம் வெளியே வரும் அம்புக்குறி. ஒவ்வொன்றின் மேலும் பெயரும் அலகும் எழுதுங்கள்.

எடுத்துக்காட்டாக மிகைநேரக் கூலியை எடுத்துக்கொள்வோம். மாதச் சம்பளக்காரரின் சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் நாள்கூலி. அதை ஒரு நாளின் வழக்கமான வேலை நேரத்தால், அதாவது 8-ஆல், வகுத்தால் மணிக்கூலி. சாதாரண வேலைநாளில் மிகைநேரத்துக்குக் குறைந்தது மணிக்கூலியைப்போல் ஒன்றரை மடங்கு தர வேண்டும் என்பது 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் விதி. அப்பாவின் சம்பளச் சீட்டை வீட்டில் பார்த்த பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. அதனால்தான் இதை எடுக்கிறேன்.

முதல் பெட்டி: உள்ளே மாதச் சம்பளம், ரிங்கிட்டில். வெளியே மணிக்கூலி, அதுவும் ரிங்கிட்டில்.

வலப்பக்க அம்புக்குறிக்கு மேல் ஒன்றும் எழுதத் தோன்றவில்லையா? அப்படியானால் அந்தச் செயற்கூறு எதற்கு என்பது உங்களுக்கே இன்னும் தெளிவாகவில்லை. “கணக்குப் போடும்” என்று எழுதினால் அது விடையாகாது. போட்ட கணக்கின் முடிவுக்குப் பெயர் என்ன என்பதுதான் அங்கே வர வேண்டும்.

## 3. விடையைக் கையால் கண்டுபிடித்து வையுங்கள்

சம்பளம் 2,080 ரிங்கிட் என்று வையுங்கள். 26-ஆல் வகுத்தால் 80. அதை 8-ஆல் வகுத்தால் 10. ஒன்றரை மடங்கு 15. நான்கு மணி நேர மிகைநேரத்துக்கு 60 ரிங்கிட்.

2,080-ஐ வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தேன். மிச்சமில்லாமல் வகுபடும் எண்ணாக இருந்தால், விடை தப்பும்போது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். 1,700 என்று ஆரம்பித்தால் 8.173 என்று நீளும் எண் வரும். அது சரியா தவறா என்று யோசிப்பதிலேயே நேரம் போய்விடும்.

## 4. காட்டுவது வேறு, கொடுப்பது வேறு

இந்தப் படியில் நிதானமாக இருங்கள். முதலில் தவறான வடிவத்தை எழுதி ஓட்டிப் பாருங்கள்.

```
நிரல்பாகம் மணிக்கூலி(சம்பளம்)
    பதிப்பி சம்பளம் / 26 / 8
முடி

மணிக்கூலி(2080)
```

திரையில் 10 வரும். பைத்தான் 10.0 என்று காட்டும், இரண்டும் ஒன்றுதான். இப்போது கடைசி வரியை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள்:

```
மிகை = மணிக்கூலி(2080) * 1.5
```

பைத்தானில் முதலில் 10.0 தெரியும். உடனே அதன் கீழே ‘டைப் எரர்’ என்று சிவப்பில் ஒரு பிழை வரும். அதை முழுக்கப் படித்தால் ‘நன்டைப்’ என்ற சொல் கிடைக்கும். பெருக்கல் குறிக்கு இடப்பக்கம் எண்ணே இல்லை என்பதுதான் அதன் பொருள். திரையில் 10 தெரிந்தது உண்மை. ஆனால் அந்தப் 10 பெருக்கலுக்கு வந்து சேரவே இல்லை.

ரப்பர் தோட்டத்தில் பால் நிறுக்கும்போது எடையை உரக்கச் சொன்னால், சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் கேட்டுக்கொள்வார்கள். சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தால்தான் ஆபீசில் கிராணி, அதாவது எழுத்தர், அதை வைத்துச் சம்பளம் போட முடியும். ‘பதிப்பி’ உரக்கச் சொல்வது. ‘பின்கொடு’ சீட்டைக் கொடுப்பது.

சரியான வடிவம்:

```
நிரல்பாகம் மணிக்கூலி(சம்பளம்)
    பின்கொடு சம்பளம் / 26 / 8
முடி

மிகை = மணிக்கூலி(2080) * 1.5
பதிப்பி மிகை
```

இப்போது 15 வரும்.

இந்தத் தடுமாற்றத்துக்கு நம் பிள்ளைகளிடம் ஒரு தனிக் காரணமும் உண்டு. பலர் கட்டைகளை இழுத்து அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்சிலிருந்து வருகிறார்கள். ஸ்கிராட்சில் நாமே உருவாக்கும் கட்டை எந்த விடையையும் திருப்பித் தராது. விடையை ஒரு பொது மாறியில் போட்டுவிட்டு, வெளியிலிருந்து அந்த மாறியைப் பார்ப்பதுதான் அங்கே வழி. அதே பழக்கத்தோடு பைத்தானுக்கு வந்தால், செயற்கூறுக்குள் வைத்த மாறியை வெளியே தேடி, அப்படியொரு பெயரே இல்லை என்னும் ‘நேம் எரர்’ பிழையை வாங்குவார்கள். செயற்கூறுக்குள் பிறந்த மாறி வெளியே தெரியாது. வெளியே வரும் வழி ‘பின்கொடு’ மட்டுமே என்று அவர்களிடம் நேரடியாகச் சொல்லிவிடுங்கள். தாங்களாகவே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டால் வாரக்கணக்கில் இழுக்கும்.

இன்னும் சிலர் பாதுகாப்புக்காக இரண்டையும் போடுவார்கள்: செயற்கூறுக்குள் ஒரு ‘பதிப்பி’, அதன் கீழே ஒரு ‘பின்கொடு’. நிரல் ஓடும். ஆனால் அந்தச் செயற்கூறைப் பத்து முறை அழைத்தால் கேட்காத பத்து வரிகள் திரையை நிரப்பும். நான் வகுப்பில் கண்டிப்பாக வைத்திருக்கும் விதி இது: கணக்குப் போடும் செயற்கூறுக்குள் ‘பதிப்பி’ வரக் கூடாது. எல்லாக் காட்சியும் கோப்பின் அடிப்பகுதியில், ஒரே இடத்தில்.

## 5. திரும்பி வந்ததைப் பிடித்து வையுங்கள்

‘பின்கொடு’ எழுதக் கற்றதும் அடுத்த புகார் வரும்: “இப்ப ஒன்னுமே வரலையே!” கோப்பில் இப்படி இருக்கும்:

```
மணிக்கூலி(2080)
```

செயற்கூறு 10-ஐக் கொடுத்தது. வாங்க ஆளில்லை. அதனால் அது அப்படியே போய்விட்டது. பைத்தான் இதைப் பிழையாகக் கருதாது, எச்சரிக்கவும் செய்யாது. இடப்பக்கம் ஒரு மாறியை வைத்துப் பிடியுங்கள்:

```
கூலி = மணிக்கூலி(2080)
பதிப்பி கூலி
```

இதில் ஒரு பொறி இருக்கிறது. பைத்தானின் உடனடிக் கட்டளைத் திரையில், அதாவது மூன்று வலக்குறிகள் தெரியும் இடத்தில், மணிக்கூலி(2080) என்று மட்டும் அடித்தாலும் 10.0 தெரியும். அந்தத் திரை தானாகவே விடையைக் காட்டிவிடும். அங்கே பார்த்துப் பழகியவர், அதே வரியைக் கோப்பில் எழுதி ஓட்டிவிட்டு வெற்றுத் திரையைப் பார்த்து முழிப்பார். அதனால் இந்தப் பாடத்தை ஆரம்பத்திலிருந்தே கோப்பில்தான் நடத்துகிறேன்.

இதே குணம் எழுத்துத் தொடர்களிலும் உண்டு. பைத்தானில் பெயரைப் பெரிய எழுத்தாக்கும் ‘அப்பர்’ புதிய தொடரைத்தான் திருப்பித் தரும், பழையதைத் தொடாது. பிடிக்காமல் விட்டால் எதுவும் மாறியிருக்காது.

## 6. ஒன்றின் விடையை இன்னொன்றுக்குள் கொடுங்கள்

‘பின்கொடு’ எதற்கு என்பது இந்தப் படியில்தான் பிள்ளைகளுக்கு உறைக்கிறது.

```
நிரல்பாகம் மிகைநேரம்(சம்பளம், மணி, மடங்கு)
    பின்கொடு மணிக்கூலி(சம்பளம்) * மடங்கு * மணி
முடி

பதிப்பி மிகைநேரம்(2080, 4, 1.5)
```

விடை 60. மூன்றாம் படியில் தாளில் எழுதி வைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள்.

26-ஆல் வகுப்பது, 8-ஆல் வகுப்பது இரண்டையும் இங்கே மறுபடி எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். யாருடைய வேலை நேரமாவது 7 மணி என்றால், மாற்ற வேண்டிய இடம் ஒன்றுதான்.

சம்பளத்தைப் பயனரிடம் கேட்டு வாங்கும் நிரலானால் ஒரு கவனம் தேவை. பைத்தானின் ‘இன்புட்’ எப்போதும் எழுத்துத் தொடரையே திருப்பித் தரும். 2080 என்று தட்டினாலும் அது எண்ணல்ல. ‘ஃப்ளோட்’ அல்லது ‘இன்ட்’ கொண்டு எண்ணாக மாற்றிய பிறகே செயற்கூறுக்குக் கொடுங்கள்.

## 7. எந்த வழியில் போனாலும் விடை வர வேண்டும்

நிபந்தனை உள்ள செயற்கூறுகளில் ஒரு வழிக்கு விடை கொடுத்துவிட்டு இன்னொன்றை மறப்பது அடிக்கடி நடக்கும். மளிகைக்கடைக் கணக்கைப் பாருங்கள். 2008 ஏப்ரல் 1 முதல் மலேசியாவில் ரொக்கமாகக் கட்டும் மொத்தத் தொகையை அருகிலுள்ள 5 சென்னுக்குக் கொண்டுவருகிறோம். கடைசி இலக்கம் 1, 2 என்றால் 0-க்கு இறங்கும். 3, 4 என்றால் 5-க்கு ஏறும். 6, 7 என்றால் 5-க்கு இறங்கும். 8, 9 என்றால் அடுத்த 10-க்கு ஏறும்.

```
நிரல்பாகம் ஐந்துசென்(தொகை)
    மீதி = தொகை % 5
    @( மீதி < 3 ) ஆனால்
        பின்கொடு தொகை - மீதி
    முடி
    பின்கொடு தொகை + 5 - மீதி
முடி
```

தொகையை ரிங்கிட்டாகக் கொடுக்காமல் சென்னாகக் கொடுங்கள். 12.32 ரிங்கிட் என்பது 1232. தசமப் புள்ளியை உள்ளே விட்டால் கணினியின் தசமக் கணக்கு சின்னச் சின்னப் பிசகுகளைக் கொண்டுவரும். பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்றுதான் வரும்.

இப்போது கடைசி ‘பின்கொடு’ வரியை அழித்துவிட்டு 1232-ஐக் கொடுங்கள். 1230 என்று சரியாக வரும். 1235-ஐக் கொடுங்கள். அதுவும் சரி. 1233-ஐக் கொடுத்தால் பைத்தான் ‘நன்’ என்று, அதாவது விடை எதுவும் இல்லை என்று, காட்டும். முதல் இரண்டோடு சோதனையை நிறுத்தியவர் நிரல் முடிந்தது என்று நினைத்துக்கொள்வார். ஆகவே ஒவ்வொரு வழிக்கும் குறைந்தது ஓர் எண்ணைச் சோதியுங்கள்: 1232, 1233, 1235, 1237, 1238. வர வேண்டிய விடைகள் 1230, 1235, 1235, 1235, 1240.

மேலே ‘இல்லை’ போடவில்லையே என்று சிலர் கேட்பார்கள். தேவையில்லை. ‘பின்கொடு’ ஓடியவுடன் செயற்கூறு அங்கேயே முடிந்துவிடுகிறது. கீழே உள்ள வரிக்கு வந்திருந்தாலே மீதி 3 அல்லது 4 என்று பொருள். இதே காரணத்தால், ஒரு ‘பின்கொடு’ வரிக்கு நேர் கீழே, அதே உள்தள்ளலில் எழுதுவது ஒருபோதும் ஓடாது. பைத்தான் அதைச் சுட்டிக்காட்டாது.

## 8. சுழற்சிக்கு உள்ளேயா, வெளியேயா

முதல் நாள் உண்டியலில் 1 ரிங்கிட், இரண்டாம் நாள் 2, மூன்றாம் நாள் 3 என்று போட்டால் பத்து நாளில் எவ்வளவு சேரும்?

```
நிரல்பாகம் உண்டியல்(நாட்கள்)
    மொத்தம் = 0
    நாள் = 1
    @( நாள் <= நாட்கள் ) வரை
        மொத்தம் = மொத்தம் + நாள்
        நாள் = நாள் + 1
    முடி
    பின்கொடு மொத்தம்
முடி
```

10-க்கு 55 வரும். பைத்தானில் கடைசி வரியை நான்கு இடைவெளி வலப்பக்கம் தள்ளிவிட்டால் அது சுழற்சிக்குள் போய்விடும். முதல் சுற்றிலேயே செயற்கூறு முடிந்து 1 என்ற விடை வரும். உள்தள்ளல் பிழை என்று எந்தச் செய்தியும் வராது. பைத்தானைப் பொறுத்தவரை அது செல்லுபடியான நிரல். கைப்பேசியில் எழுதுபவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

1 நாளைக் கொடுத்துச் சோதித்தால் இரண்டு வடிவமும் 1 என்றே சொல்லும், பிழை ஒளிந்துகொள்ளும். 10-ஐயும் 0-வையும் கொடுங்கள். 0-க்குச் சரியான வடிவம் 0 தரும், தவறான வடிவம் ‘நன்’ தரும்.

தேடும் வேலைகளில் மட்டும் சுழற்சிக்குள் ‘பின்கொடு’ சரி. கிடைத்தவுடன் கொடுத்துவிட்டு வெளியேறலாம். அப்போதும் சுழற்சிக்குக் கீழே, கிடைக்காவிட்டால் என்ன தருவது என்பதற்கு ஒரு ‘பின்கொடு’ வேண்டும்.

## 9. இரண்டு விடைகள்

பைத்தானில் காற்புள்ளி போட்டு இரண்டு மதிப்புகளை ஒன்றாகத் திருப்பித் தரலாம். வாங்கும் பக்கத்திலும் காற்புள்ளி போட்டு இரண்டு மாறிகளில், அதே வரிசையில் பிடிக்க வேண்டும். வரிசை மாறினால் பிழை காட்டாது, எண்கள் இடம் மாறிவிடும். ஒரு மாறியில் பிடித்தால் இரண்டும் ஒரு கட்டாகச் சேர்ந்து வரும்.

புதியவர்களுக்கு என் ஆலோசனை: முதலில் இரண்டு தனிச் செயற்கூறுகளாகவே எழுதுங்கள். ஒரு பெட்டிக்கு ஒரு விடை என்பது கையில் பழகிய பிறகு இதற்கு வரலாம்.

## 10. ‘நன்’ தெரிந்தால் எங்கே தேடுவது

முதலில் செயற்கூறுக்குள் ‘பின்கொடு’ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதன் வலப்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் ‘பின்கொடு’ செயற்கூறை முடிக்கும், விடை தராது. அதுவும் சரியென்றால் ஏழாம் படிக்குப் போய் எந்த வழி விடுபட்டது என்று தேடுங்கள்.

சரியான எண்ணும் அதற்குக் கீழே ‘நன்’ என்ற சொல்லும் சேர்ந்தே வந்தால் காரணம் வேறு. உள்ளே ‘பதிப்பி’ உள்ள செயற்கூறை வெளியிலும் ‘பதிப்பி’யால் அழைத்திருக்கிறீர்கள்.

பட்டியலை வரிசைப்படுத்தும்போதும் இதே சொல் வரும். பைத்தானில் பட்டியலோடு புள்ளி வைத்து அழைக்கும் ‘சார்ட்’ அந்தப் பட்டியலையே மாற்றிவிட்டு ‘நன்’ தரும். ‘சார்டட்’ புதிய பட்டியலைத் திருப்பித் தரும். முதலாவதை மாறியில் பிடித்தால் பட்டியல் காணாமல் போனதுபோல் தோன்றும்.

எண்ணுக்குப் பதிலாகச் செயற்கூறின் பெயரும் புரியாத ஒரு நீண்ட எண்ணும் வந்தால், அழைக்கும்போது அடைப்புக்குறியை விட்டுவிட்டீர்கள்.

## 11. ஜாவா படிப்பவர்களுக்கு

இடைநிலைப் பள்ளியில் படிவம் 4-இல் கணினி அறிவியலுக்கு ஜாவா எழுதுபவர்களுக்கு இரண்டாம் படியின் வலப்பக்க அம்புக்குறி நேரடியாகப் பயன்படும். அதன் வகையைச் செயற்கூறின் பெயருக்கு முன்னாலேயே எழுத வேண்டும்: முழு எண் என்றால் ‘இன்ட்’, தசமம் என்றால் ‘டபிள்’, விடையே இல்லையென்றால் ‘வாய்ட்’. ஏதாவது ஒரு வழியில் ‘பின்கொடு’ விடுபட்டால் ஜாவா நிரலை ஓட்டவே விடாது. தொடக்கத்தில் எரிச்சலாக இருக்கும், ஆனால் 1233 போன்ற எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

## 12. எழுதிப் பார்க்க ஒரு கணக்கு

‘மடங்கு’ என்றொரு செயற்கூறு எழுதுங்கள். நாளின் வகையை எண்ணாக வாங்கட்டும்: 1 என்றால் சாதாரண நாள், 2 என்றால் ஓய்வு நாள், 3 என்றால் பொது விடுமுறை. திருப்பித் தர வேண்டியவை 1.5, 2, 3. இவை மிகைநேரத்துக்குச் சட்டம் சொல்லும் குறைந்தபட்ச மடங்குகள். இதன் விடையை ‘மிகைநேரம்’ செயற்கூறுக்குள் கொடுங்கள். 2,080 ரிங்கிட், 4 மணிக்கு வர வேண்டிய விடைகள் 60, 80, 120.

அடுத்து ‘ஈபிஎஃப்’, அதாவது ஊழியர் சேமநிதி, என்றொரு செயற்கூறு. சம்பளத்தை வாங்கி அதில் 11 விழுக்காட்டைத் திருப்பித் தரட்டும். 60 வயதுக்கு உட்பட்ட தொழிலாளியின் பங்கு அது. உண்மையான கழிவு அட்டவணைப்படி முழு ரிங்கிட்டாக வரும், அதனால் நம் நிரல் தருவது கிட்டத்தட்டத்தான். சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) முதலிய மற்றக் கழிவுகளை இங்கே சேர்க்கவில்லை.

கடைசியாக, சாதாரண நாளில் 4 மணி மிகைநேரம் செய்தவரின் கைக்கு வரும் தொகையைக் கணக்கிடுங்கள். மிகைநேரக் கூலிக்கு ஈபிஎஃப் பிடிப்பதில்லை. எந்த மதிப்பை எந்தச் செயற்கூறுக்குள் கொடுக்கிறீர்கள் என்பதை எழுதும் முன் தாளில் அம்புக்குறி போட்டுப் பாருங்கள். 1,911.20 வந்தால் சரி. 1,904.60 வந்தால், மிகைநேரத்தையும் கூட்டிய 2,140-ஐ ‘ஈபிஎஃப்’ செயற்கூறுக்குள் அனுப்பியிருக்கிறீர்கள்.